கடலின் கந்தகக் கணக்கு: கொங்கு நாட்டில் கேட்ட கேள்விகள்

நான் காங்கேயத்துப் பக்கம் பிறந்தவள். படிப்பும் வேலையும் கடல் நுண்ணுயிர்களோடு. நோம்பிக்கு ஊருக்கு வந்தால் யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்த்தி வைத்துக் கேட்பார்: "கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு கடல்ல அப்பிடி என்னதான் அம்மணி பண்றே?" நான் பார்ப்பது கடலின் மேல்மட்ட நீரில் கந்தகம் எந்தெந்த உயிரின் கைக்குப் போகிறது, எப்படிக் கைமாறுகிறது என்பதைத்தான். அதைப் பற்றி உறவினர்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கந்தகம் என்றால் நமக்குப் பட்டாசுதான் ஞாபகம் வருகிறது.

நிலக்கடலை போட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில், விழுது இறங்கும் சமயத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். கால்சியம் காய் திரளுவதற்கு, சல்பேட்டில் இருக்கும் கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் புரதத்துக்கும். கந்தகம் இல்லாமல் எந்த உயிரும் இல்லை. நம் உடம்பின் புரதங்களில் மெத்தியோனின், சிஸ்டீன் என்று இரண்டு கந்தக அமினோ அமிலங்கள் இருக்கின்றன.

மண்ணில் இருக்கும் சல்பேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். மழை பெய்தால் ஓடைக்கு, ஓடையிலிருந்து நொய்யல், பவானி, அமராவதிக்கு, அங்கிருந்து காவிரி வழியாக வங்கக் கடலுக்கு. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு மட்டும் மேற்கே திரும்பிப் பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் அரபிக் கடலைத் தொடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் கந்தகம் போய்ச் சேரும் இடம் கடல்தான். கோடிக்கணக்கான வருடங்களாக இப்படியே போய்க்கொண்டிருந்தால் நிலத்தில் மிச்சம் ஏது? திரும்பி வர ஒரு வழி இருந்தாக வேண்டும். அந்த வழிகளில் ஒன்றைத் திறந்து வைத்திருப்பவை கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள்.

கடற்கரையில் இறங்கியதும் ஒரு வாசம் வருகிறதே, அது உப்பு வாசமா?

உப்புக்கு வாசம் கிடையாது. மீன் இறக்கும் இடத்தில் வருவது ட்ரைமீதைலமைன் என்ற வேறு பொருளின் நாற்றம். உக்கடம் மீன் மார்க்கெட்டில் மூக்கைப் பிடிக்க வைப்பதும் அதுதான். மீன் எதுவும் இல்லாத கரையிலும், பாசி ஒதுங்கிய பாறை இடுக்கிலும் லேசாக இனிப்பும் காரமும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். அதில் பெரும் பங்கு டைமீதைல் சல்ஃபைடு என்ற வாயுவுக்கு. சுருக்கமாக டி.எம்.எஸ். என்போம்.

இந்த வாசம் உங்களுக்குப் புதிதில்லை. ஊட்டிக் கோசை மூடி போட்டு வேக வைத்தால், மூடியைத் திறந்ததும் முதலில் வருகிற ஆவியில் டி.எம்.எஸ். இருக்கிறது. மக்காச்சோளக் கதிர் வேகும்போதும் அப்படியே. கோசிலும் சோளத்திலும் அது உருவாவது வேறொரு மூலப்பொருளில் இருந்து, ஆனால் கடைசியில் வெளிவரும் வாயு ஒன்றேதான்.

கடலில் அது எங்கிருந்து வருகிறது?

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கடல் நீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. வெயில் படுகிற மேல்மட்டத்தில் மிதக்கும் தாவர நுண்ணுயிரிகள், அதாவது தாவர மிதவை உயிரிகள், அந்தச் சல்பேட்டை உள்ளே இழுத்து, ஆற்றல் செலவழித்து ஒடுக்கி, அதாவது அதன் கந்தகத்தில் எலக்ட்ரான்களை ஏற்றி, மெத்தியோனின் செய்கின்றன. நம் வயலில் சின்ன வெங்காயம் செய்வதும் இதே வேலைதான். அப்புறம் பல மிதவை உயிரிகள் அந்த மெத்தியோனினை வைத்து இன்னொரு பொருளைச் செய்து உடம்புக்குள் குவித்துக்கொள்கின்றன. அதன் முழுப்பெயர் டைமீதைல்சல்ஃபோனியோபுரோப்பியோனேட். வாயில் நுழையாது, ஆய்வகத்தில் நாங்களும் டி.எம்.எஸ்.பி. என்றுதான் சொல்வோம். இதிலிருந்து பிறப்பதுதான் டி.எம்.எஸ். வாயு.

எதற்குக் குவிக்க வேண்டும்? மாங்காயை உப்பில் போட்டால் சுருங்குகிறது. காயின் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியில் இருக்கும் உப்பு இழுத்துவிடுகிறது. கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிரி வாழ்நாள் முழுக்க அந்த ஊறுகாய்ச் சாடியில்தான் இருக்கிறது. சுருங்காமல் இருக்க, உள்ளேயும் ஏதாவது கரைந்திருக்க வேண்டும். ஆனால் அது செல்லின் நொதிகளைக் கெடுக்காத சாதுவான பொருளாக இருக்க வேண்டும். டி.எம்.எஸ்.பி. அப்படிப்பட்டது.

இதே வேலையைச் செய்ய கிளைசின் பீட்டெய்ன் என்ற பொருளும் உண்டு, பல உயிர்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதைச் செய்யத் தழைச்சத்து வேண்டும். யூரியா மூட்டைக்கு நாம் அலைகிற மாதிரி, கடலின் மேல்மட்டத்தில் பெரும்பாலான இடங்களில் தழைச்சத்துக்குத்தான் தட்டுப்பாடு. கந்தகமோ சுற்றிலும் கொட்டிக் கிடக்கிறது. இல்லாததை மிச்சம் பிடித்து, இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்துகிற கெட்டிக்காரத்தனம் இது. இந்த ஒரு விஷயத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை.

வேறு பயன்களும் இருக்கின்றன. அதிக வெயிலில் செல்லுக்குள் உருவாகும் தீங்கான ஆக்சிஜன் வகைகளை டி.எம்.எஸ்.பி.யும் அதிலிருந்து பிறப்பவையும் துடைத்தெடுக்கின்றன. துருவக் கடல்களில் உறையாமல் காக்கவும் உதவுகிறது.

எல்லா மிதவை உயிரிகளும் ஒரே அளவில் செய்வதில்லை. டைனோஃபிளாஜலேட் என்ற இருவால் உயிரிகளும், சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திக்கொள்ளும் எமிலியானியா ஹக்ஸ்லேயி போன்றவையும், ஃபியோசிஸ்டிஸ் என்ற கூட்டு உயிரியும் பெருமளவில் செய்கின்றன. கண்ணாடிக் கூடு கட்டும் டயாட்டம்களில் பலவற்றில் குறைவு. நிறைய செய்கிற ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.எம்.எஸ்.பி.யின் அடர்த்தி, வெளியே தண்ணீரில் கரைந்திருப்பதைப் போல ஒரு கோடி மடங்குக்கும் மேல் போகும். சில பாக்டீரியாக்களும் இதைத் தாமே செய்கின்றன என்பது 2017-இல்தான் நிரூபணமானது. அதுவரை பாடப்புத்தகங்களில் தாவர வகை உயிர்களின் சொத்தாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

கரும்பிலும் இது இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம்தான். 1994-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கரும்பும் அதன் நெருங்கிய உறவுப் புல்களும் டி.எம்.எஸ்.பி.யைச் சேர்த்து வைப்பதைக் காட்டியது. நிலத்தில் வளரும் செடிகளில் இது அபூர்வமான குணம். கடலோர உவர் சேற்றில் வளரும் சில புற்களிலும் உண்டு. 1912-இலிருந்து கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கும் கோயம்புத்தூரிலும், நாட்டுச் சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலம் போகும் கவுந்தப்பாடியிலும் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடல் பாசிக்கும் நம் வயல் கரும்புக்கும் பொதுவாக ஒரு பொருள்.

சரி, மிதவை உயிரி செத்தால் அந்த டி.எம்.எஸ்.பி. என்ன ஆகும்?

செத்தாலும், மேயப்பட்டாலும், வைரஸ் தாக்கி வெடித்தாலும் தண்ணீரில் கொட்டும். உயிரோடு இருக்கும்போதும் கொஞ்சம் கசியும்.

வெங்காயம் நறுக்கினால் கண் எரிகிறதே, அதை யோசித்துப் பாருங்கள். முழு வெங்காயத்தில் எரிச்சல் இல்லை. கந்தகப் பொருள் ஓர் அறையிலும் அதை உடைக்கும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலக்கின்றன, எரிச்சல் வாயு கிளம்புகிறது. எமிலியானியா போன்ற சில மிதவை உயிரிகளிலும் டி.எம்.எஸ்.பி.யும் அதைப் பிளக்கும் நொதியும் இப்படித்தான். சிறு விலங்குகள் கடித்துச் செல் உடையும்போது டி.எம்.எஸ். வாயுவும் அக்ரிலேட் என்ற பொருளும் வேகமாக உண்டாகின்றன. மேய வரும் சில உயிரிகளுக்கு இது பிடிப்பதில்லை, வேறு இரை இருந்தால் அங்கே நகர்ந்துவிடுகின்றன. எமிலியானியாவின் அந்த நொதிக்கான மரபணுவை 2015-இல் அடையாளம் கண்டார்கள்.

பாக்டீரியாவுக்கு இதில் என்ன வேலை?

என்னைக் கேட்டால் முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் கடல் நீரில், அதாவது இருபது சொட்டுத் தண்ணீரில், சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள். தண்ணீரில் விழுகிற டி.எம்.எஸ்.பி. இவற்றுக்குச் சோறு. கரிமமும் கந்தகமும் ஒரே கவளத்தில் கிடைக்கிறது.

ஆனால் அந்தக் கவளத்தை இரண்டு விதமாகத் தின்னலாம். முதல் வழியில் பாக்டீரியா டி.எம்.எஸ்.பி.யிலிருந்து ஒரு மீதைல் தொகுதியைக் கழற்றுகிறது. அடுத்தடுத்த படிகளில் மீத்தேன்தயால் என்ற சிறு கந்தகப் பொருள் கிடைக்கிறது, அதிலிருந்து மெத்தியோனின், அதிலிருந்து புரதம். கந்தகம் உயிருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காற்றுக்கு ஒன்றும் போவதில்லை. இரண்டாம் வழியில் மூலக்கூறை நடுவில் பிளக்கிறது. பெரும்பாலும் அக்ரிலேட் கரிமத்துக்காகச் செரிக்கப்படும், டி.எம்.எஸ். வாயு வெளியே விடப்படும். முதல் வழிக்கான மரபணு 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இரண்டாம் வழிக்கான மரபணுக்களில் முதலாவது கிடைத்தது. அதன் பிறகு அதே வேலையைச் செய்யும் வேறு வேறு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே வேலைக்கு இத்தனை வகைக் கருவிகளை உயிர்கள் தனித்தனியாக உருவாக்கியிருக்கின்றன என்றால், அந்த உணவு எவ்வளவு பெரிய இழுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழியும் தெரிந்த பாக்டீரியாக்களும் உண்டு. கந்தகம் தேவைப்படும்போது முதல் வழி, கந்தகம் போதுமான அளவு இருந்து டி.எம்.எஸ்.பி. மிகுந்திருக்கும்போது இரண்டாம் வழி என்று மாற்றிக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்கள் பலகாலமாகச் சொல்லிவரும் கருத்து. கீழ்பவானி வாய்க்காலில் மதகு திறப்பதையும் அடைப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் எந்த வயலுக்கு என்று மதகுதான் தீர்மானிக்கிறது. கடலில் அந்த மதகு பாக்டீரியாவின் கையில்.

எஸ்.ஏ.ஆர்.11 என்று ஒரு பாக்டீரியாக் குடும்பம் இருக்கிறது. 1990-இல் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல் நீரில் மரபணுத் தடயமாக மட்டும் தெரிந்தது, 2002-இல்தான் ஆய்வகத்தில் வளர்க்க முடிந்தது. மேல்மட்டக் கடலில் நான்கில் ஒரு பாக்டீரியாவாவது இந்தக் குடும்பம் என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை. மரபணுத் தொகுப்பை மிகச் சிக்கனமாகச் சுருக்கிக்கொண்ட உயிர். அந்தச் சிக்கனத்தில் சல்பேட்டை ஒடுக்கும் மரபணுக்களையும் கைவிட்டுவிட்டது! சல்பேட் நிறைந்த கடலில் மிதந்துகொண்டே, அதிலிருந்து ஒரு துளிக் கந்தகமும் எடுக்க முடியாது. சல்பேட்டை ஒடுக்க ஒவ்வொரு கந்தக அணுவுக்கும் எட்டு எலக்ட்ரான்கள் செலவழிக்க வேண்டும், அந்தச் செலவை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டது. மிதவை உயிரிகள் ஒடுக்கி வைத்த டி.எம்.எஸ்.பி., மெத்தியோனின் போன்றவை கிடைத்தால்தான் வாழ்க்கை. இது 2008-இல் தெளிவானது. கடலில் மிகுதியாக இருக்கும் ஓர் உயிர், பக்கத்து வீட்டுச் சமையலை நம்பி இருக்கிறது.

டயாட்டம்கள் டி.எம்.எஸ்.பி. குறைவாகச் செய்கின்றன என்றேனே, அவற்றிடம் வேறு கந்தகப் பொருள் உண்டு. டி.எச்.பி.எஸ். என்ற சல்ஃபோனேட். ரூஜீரியா பொமெராயி என்ற பாக்டீரியாவையும் ஒரு டயாட்டத்தையும் சேர்த்து வளர்த்தபோது, பாக்டீரியா தன் வைட்டமின் பி12-ஐக் கொடுத்தது, டயாட்டம் கொடுத்ததில் டி.எச்.பி.எஸ். இருந்தது. அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இந்தச் சந்தையில் வாயு எதுவும் கிளம்புவதில்லை, அதனாலேயே நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை.

அப்படியென்றால் காற்றுக்கு எவ்வளவுதான் போகிறது?

உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் டி.எம்.எஸ்.பி. உண்டாவதாக ஒரு மதிப்பீடு நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு கந்தகம், ஆக 24 கோடி டன் கந்தகம். காற்றுக்கு டி.எம்.எஸ். ஆக வருவதை 2011-இல் ஒரு குழு ஆண்டுக்கு 2.81 கோடி டன் கந்தகம் என்று கணக்கிட்டது. 2022-இல் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினர் முன்னின்று, கூடுதல் அளவீடுகளைச் சேர்த்துத் திருத்திய கணக்கில் 2.71 கோடி டன். இரண்டும் நெருக்கமாகவே இருக்கின்றன.

பத்துப் பங்கில் ஒன்று சொச்சம்தான் தப்பிக்கிறது, பாருங்கள். மீதி தண்ணீருக்குள்ளேயே செரிக்கப்படுகிறது. டி.எம்.எஸ். ஆன பிறகும் அதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. வெயில் அதைச் சிதைத்து டைமீதைல் சல்ஃபாக்சைடு முதலியவையாக மாற்றுகிறது. இவை இரண்டிலிருந்தும் தப்பி, காற்று அலைக்கும் மேற்பரப்பை அடைவதே வெளியே போகிறது. மேல்மட்ட நீரில் டி.எம்.எஸ். எவ்வளவு அற்பம் என்றால், ஒரு டி.எம்.எஸ். மூலக்கூறுக்குச் சல்பேட் அயனிகள் ஏறக்குறைய ஒரு கோடி. அந்த ஒன்றைத்தான் நம் மூக்கு கடல் வாசம் என்கிறது.

காற்றுக்குப் போன டி.எம்.எஸ். மேகம் உண்டாக உதவுகிறது என்பதைப் பற்றியே செய்திகளில் எப்போதும் எழுதுகிறார்கள். தப்பித்த அந்தப் பத்தில் ஒன்றின் கதை அது. தண்ணீருக்குள் தின்னப்பட்ட ஒன்பது பங்கு இல்லையென்றால் கடலின் எத்தனையோ நுண்ணுயிர்களுக்குக் கந்தகச் சோறு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. அது எனக்கு மனக்குறைதான்.

இதையெல்லாம் முதலில் கண்டது யார்?

1948-இல் இங்கிலாந்தின் லீட்சில் ஃபிரெடெரிக் சேலஞ்சரும் சிம்ப்சனும் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து டி.எம்.எஸ்.பி.யைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். அப்போது அது ஒரு பாசியின் வேதியியல் விநோதம், அவ்வளவுதான்.

கடலிலிருந்து நிலத்துக்குக் கந்தகம் எப்படித் திரும்புகிறது என்று கணக்குப் போட்டவர்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் ஆக்சிஜன் நிறைந்த மேல்மட்டக் கடலில் அது நிலைக்காது, திறந்த கடலில் அழுகிய முட்டை நாற்றமும் இல்லை. ஜேம்ஸ் லவ்லாக் 1971-இல் ஷாக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் அண்டார்க்டிக்கா நோக்கிப் போகும் வழியெல்லாம் தண்ணீரை அள்ளி அள்ளி அளந்தார். போன இடமெல்லாம் டி.எம்.எஸ். இருந்தது. 1972-இல் அவரும் இரண்டு சகாக்களும் நேச்சர் இதழில் அதை எழுதினார்கள். ஒரு மனிதர், ஒரு கப்பல், சில குப்பிகள். கந்தகக் கணக்கில் காணாமல் போயிருந்த வரவு கிடைத்துவிட்டது. அதே பயணத்தில்தான் குளிர்சாதனப் பெட்டி வாயுக்கள் உலகக் காற்றெங்கும் பரவியிருப்பதையும் அவர் அளந்தார்.

மிதவை உயிரிகள் மேகத்தை உண்டாக்குகின்றன என்கிறார்களே?

பாதி உண்மை. காற்றுக்கு வந்த டி.எம்.எஸ். ஓரிரு நாளில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்ஃபர் டை ஆக்சைடாகவும் மீத்தேன்சல்ஃபானிக் அமிலமாகவும் மாறி, கந்தக அமிலத் துகளாகிறது. நீராவி சொட்டாக மாற ஏதாவது ஒரு துகள் வேண்டும், பனிக்காலத்தில் சிலந்தி வலையில் நீர் கோப்பது போல. துகள் அதிகமானால் சொட்டுகள் சிறிதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும், மேகம் வெண்மை கூடி வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும்.

இதை வைத்து 1987-இல் சார்ல்சன், லவ்லாக், ஆந்த்ரேயே, வாரன் என்ற நால்வர் ஒரு பெரிய கருத்தைச் சொன்னார்கள். கடல் சூடானால் மிதவை உயிரிகள் டி.எம்.எஸ்.ஐக் கூட்டும், மேகம் வெளுக்கும், பூமி குளிரும், தன்னைத் தானே சமன்படுத்தும் என்று. அழகான கருத்து, நானும் அதைப் படித்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். ஆனால் 2011-இல் குவின், பேட்ஸ் என்ற இருவர் அளவீடுகளை எல்லாம் அடுக்கி, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நினைத்ததைவிடத் தளர்ச்சியானது என்று காட்டினார்கள். அலை தெறிக்கும் உப்புத் துகளும் கரிமத் துகளும் மேகச் சொட்டுக்கு விதையாகின்றன. டி.எம்.எஸ். மேகத்தில் பங்கு வகிக்கிறது, குறிப்பாகப் புகையும் தூசியும் எட்டாத தென்முனைக் கடல் மேல். ஆனால் பூமிக்கே அது குளிர்சாதனப் பெட்டி என்பதை ஆதாரங்கள் தாங்கவில்லை. பிடித்த கருத்தை விட்டுக்கொடுப்பது கடினம்தான், ஆனாலும் விட்டுவிட்டேன்.

ஆடிக் காற்று கடலைத் தாண்டித்தானே வருகிறது? அதில் இந்தக் கந்தகம் வருமா?

வரும். பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமான வாசல். பொன்னானிக் கரையிலிருந்து கோயம்புத்தூர் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் நான்கு மணி நேரப் பயணம். டி.எம்.எஸ். காற்றில் ஒரு நாள் போலத் தாங்கும், ஆகவே உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றில் அரபிக் கடலின் கந்தகமும் கலந்திருக்கும்.

அந்த மாதங்களில் கேரளக் கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. மிதவை உயிரிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மத்தி கொழுக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் மத்தி லாரியில் நம் ஊருக்கு வருவதன் பின்னணி அதுதான். ஆனால் இப்படிப் பெருகுபவற்றில் டயாட்டம்கள் அதிகம் என்பதால் பச்சை கூடிய அளவுக்கு டி.எம்.எஸ்.பி. கூடும் என்று நேர்க்கணக்குப் போடக்கூடாது. மேலும் கரையோரக் கேரளத்திலேயே மழை துகள்களைக் கழுவி இறக்கிவிடுகிறது. இங்கே நம் காற்றில் தூசியும் வாகனப் புகையும் அடுப்புப் புகையும் கலக்கின்றன. ஆகவே "நம்ம ஆடிச் சாரல் கடல் பாசியால்தான்" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உச்சத்தில் இருந்தபோது காற்றுக்கு விட்ட கந்தகம், உலகக் கடல்கள் அனைத்தும் விடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இப்போது குறைந்து வருகிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

கடலில் உரம் போட்டு மிதவை உயிரிகளை வளர்த்தால் என்ன?

இந்தக் கேள்வியை விவசாயி ஒருவர்தான் கேட்பார், ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். சில கடல்களில் இரும்புச் சத்து இல்லாததால் வளர்ச்சி நின்றிருக்கிறது. இரும்பு சல்பேட்டைக் கரைத்து ஊற்றினால் பச்சை கட்டுகிறது. இப்படிச் செய்த சோதனைகள் சிலவற்றில் டி.எம்.எஸ்.ஸும் கூடியது. 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்முனைக் கடலில் லோஹாஃபெக்ஸ் என்ற சோதனையை நடத்தின. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் அதில் பங்கெடுத்தது. மிதவை உயிரிகள் பெருகின, ஆனால் சிறு விலங்குகள் வந்து மேய்ந்துவிட்டன. அந்த நீரில் சிலிக்கா குறைவு, அதனால் கூடு கட்டும் டயாட்டம்கள் தழைக்கவில்லை. ஆழத்துக்கு இறங்கிய கரிமம் சொற்பம். மணிச்சத்து குறைந்த மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே. வணிக நோக்கில் கடலில் இரும்பு கொட்டுவதற்கு எதிராக, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறை நாடுகள் 2008-இல் தீர்மானம் போட்டன. எனக்கு அது சரியான முடிவு.

மடை அடைத்த குட்டையில் வரும் அழுகிய முட்டை நாற்றமும் இதுதானா?

இல்லை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் வேறு வகை பாக்டீரியாக்கள் சல்பேட்டை மூச்சுக்குப் பயன்படுத்துகின்றன. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல அவை சல்பேட்டைச் சுவாசித்து, சல்ஃபைடை வெளிவிடுகின்றன. சாயம் ஏற்றுவதற்குப் பயன்படும் குளோபர் உப்பு சோடியம் சல்பேட்தான், ஆகவே சாயக் கழிவு தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் இந்த நாற்றத்துக்கு மூலப்பொருள் தாராளம்.

மேல்மட்டக் கடலில் ஆக்சிஜன் இருப்பதால் இது நடப்பதில்லை. ஆனால் மழைக்காலத்தின் கடைசியில் நம் மேற்குக் கரையோரம் ஆக்சிஜன் தீர்ந்த நீர் ஆழம் குறைந்த இடங்களுக்கு ஏறி வருகிறது. கோவாக் கரையோரம் அந்தப் பருவத்தில் சல்ஃபைடும், மிக உயர்ந்த அளவில் டி.எம்.எஸ்.ஸும் அளக்கப்பட்டிருக்கின்றன.

பறவைகள் இந்த வாசத்தை மோப்பம் பிடிக்கும் என்கிறார்களே?

ஆமாம். பெட்ரல் போன்ற கடல் பறவைகளில் சில டி.எம்.எஸ். வாசத்தைப் பின்தொடர்ந்து இரை இருக்கும் இடத்தை அடைகின்றன என்று கேப்ரியேல் நெவிட் 1995-இல் காட்டினார். மேய்ச்சல் நடக்கும் இடத்தில் வாசம் அதிகம், வெங்காயம் நறுக்கும் இடம் அதுதானே. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பாசி படிந்து அதே வாசம் வருவதால், இந்தப் பறவைகள் பிளாஸ்டிக்கையும் விழுங்குகின்றன என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. எனக்குத் தெரிந்த வரையில் இந்தக் கதையிலேயே மிகவும் வருத்தமான பகுதி இது.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. மண்டபம் கரையில் ஒதுங்கிய பச்சைப் பாசி, கீரை இலை போல மெல்லியதாக இருக்குமே, உல்வா, அதில் டி.எம்.எஸ்.பி. நிறைய. ஒருமுறை ராமேஸ்வரம் போய் வந்தபோது ஒரு பிடி கொண்டுவந்தேன். நன்னீரில் ஒரு தரம் அலசி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி வைத்தேன். காரம் பட்டால் டி.எம்.எஸ்.பி. தானாகவே பிளந்து டி.எம்.எஸ். வரும். ஆய்வகத்திலும் டி.எம்.எஸ்.பி.யைக் காரம் சேர்த்து டி.எம்.எஸ். ஆக்கித்தான் அளக்கிறோம். மறுநாள் அமுச்சியின் முன்னால் மூடியைத் திறந்தேன். "கோசு வேகறாப்பல இருக்குதே கண்ணு" என்றார். கடலைப் பார்த்தே இராதவர் அவர். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.

இதைப் படிக்க விரும்பினால் எங்கே போவது?

பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் இருந்தால் போதும். பட்டப்படிப்பில் நுண்ணுயிரியலோ வேதியியலோ எடுக்கலாம், கோயம்புத்தூரிலேயே அதற்குக் கல்லூரிகள் உண்டு. முதுநிலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கொச்சியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. ஆய்வுக்குக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம். கோவையில் காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் கொச்சி. படகில் ஏறி முதல் வாளித் தண்ணீரை அள்ளும்போது, வடிகட்டும் முன் ஒரு தரம் முகர்ந்து பாருங்கள்.